கையேட்டில் "யூஜிசி அங்கீகாரம்", "தன்னாட்சி", "நிகர்நிலை": பட்டத்தில் கடைசியில் யார் பெயர் இருக்கும்?

வைகைக்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி பிளஸ் டூ முடிச்சிருக்கா. பி.எஸ்சி. கணினி அறிவியல் இல்லன்னா பி.சி.ஏ., அதுவும் இல்லன்னா சட்டம்னு யோசனை. நாலு கல்லூரிக் கையேடு மேசைமேல இருக்கு. ஒண்ணுல "தன்னாட்சி, நாக் ஏ பிளஸ் பிளஸ்". இன்னொண்ணுல "நிகர்நிலைப் பல்கலைக்கழகம், யூஜிசி சட்டம் பிரிவு 3". மூணாவதுல "யூஜிசி 2(எஃப்), 12(பி) அங்கீகாரம்". நாலாவது வெறுமனே "பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது". நாலுலயும் "அங்கீகாரம்"ங்கிற வார்த்தை தவறாம இருக்கு, ஆனா நாலும் ஒரே பொருள்ல இல்லைன்னு மட்டும் புரியுது.

பட்டம் யார் கொடுக்கிறாங்க, பாடத்திட்டமும் தேர்வும் யார் கையில, கட்டணத்தை யார் முடிவு பண்றாங்க, நாளைக்கு அரசு வேலைக்கோ மேல்படிப்புக்கோ போனா எங்க இடிக்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எந்தக் கல்லூரி நல்ல கல்லூரின்னு கேக்கல. அமைப்பு எப்படி ஓடுதுன்னு புரிஞ்சா நாங்களே பாத்துக்குவோம்.

பதிவேடு எழுதியது:

"அங்கீகாரம்" என்கிற ஒரே சொல் இங்கே நாலு வெவ்வேறு வேலை பார்க்கிறது. அதனால்தான் குழப்பம். பட்டம் கொடுக்கும் அதிகாரம் ஒன்று, தேர்வு நடத்தும் அதிகாரம் இன்னொன்று, படிப்பை அனுமதிக்கும் அதிகாரம் மூன்றாவது, தரத்துக்கு மதிப்பெண் போடுவது (நாக் என்கிற அமைப்பு செய்வது) நாலாவது. கல்லூரியிடம் ஒன்று இருந்தால் மற்ற மூன்றும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

முதலில் பட்டம். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 1956, பிரிவு 22. மத்திய அரசின் சட்டத்தாலோ மாநில அரசின் சட்டத்தாலோ உருவான பல்கலைக்கழகம், பிரிவு 3-இன் கீழ் பல்கலைக்கழகத்துக்கு நிகர் (நிகர்நிலை) என்று அறிவிக்கப்பட்ட நிறுவனம், நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதிகாரம் கொடுத்த நிறுவனம். இவைதான் பட்டம் கொடுக்கலாம். கல்லூரிக்கு அந்த அதிகாரம் கிடையாது, எவ்வளவு பழைய, எவ்வளவு பேர்பெற்ற கல்லூரியானாலும் சரி. லயோலாவிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்தவருக்குப் பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம். வேலூர் சி.எம்.சி.யில் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்குத் தருவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஐஐஎம்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 2017-இல் அவற்றுக்கென்று சட்டம் வரும்வரை எம்.பி.ஏ. பட்டமே கொடுக்க முடியவில்லை, முதுநிலைப் பட்டயம்தான். நாடே மதித்த நிறுவனம்தான், ஆனால் சட்டம் இல்லை, அதனால் பட்டமும் இல்லை. ஐஐடிகளுக்கு 1961 சட்டம் இருந்ததால் அந்தப் பிரச்சினை வரவில்லை.

2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பல்கலைக்கழக நிலையில் 1,168 நிறுவனங்கள், கல்லூரிகள் 45,473, மாணவர்கள் 4.33 கோடி. கல்லூரி எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும், தானாகப் பட்டம் தர முடியாத இடங்களில்தான் பெரும்பாலோர் படிக்கிறார்கள். அதனால் "இணைப்பு" என்பதைக் குறைச்சலாக நினைக்க வேண்டாம். இந்தியாவில் கல்லூரிப் படிப்பின் இயல்பான வடிவமே அதுதான்.

ஏன் இப்படி மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி? பல்கலைக்கழகத்தை உருவாக்குவது அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 32-ஆவது இனம். உயர்கல்வியின் தரத்தை நிர்ணயித்து ஒருங்கிணைப்பது மத்தியப் பட்டியலில் 66-ஆவது இனம். கல்வி என்ற பொருள் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போனது. ஆக, பாரதியார் பல்கலைக்கழகத்தை உருவாக்கியது தமிழ்நாடு சட்டமன்றம், அதற்கு அளவுகோல் வைப்பது டெல்லியில் இருக்கும் யூஜிசி. துணைவேந்தர் நியமனம் முதல் நான்காண்டு இளங்கலை வரைக்கும் எழுகிற இழுபறி எல்லாம் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் நடக்கிறது.

அடுத்து 2(எஃப்), 12(பி). கல்லூரியைப் பொறுத்தவரை 2(எஃப்) என்றால் யூஜிசி தன் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டது என்று பொருள். 12(பி) என்றால் மத்திய நிதியுதவி பெறத் தகுதி. அவ்வளவுதான். 12(பி) இல்லாத சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் முழுச் செல்லுபடி, ஏனென்றால் பட்டம் தருவது பல்கலைக்கழகம். அதேபோல 12(பி) இருப்பதால் வகுப்பு நன்றாக நடக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆக, உங்கள் மூன்றாவது கையேடு கேட்ட கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு என்பதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

தன்னாட்சி. 1978-இல் தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கிய ஏற்பாடு இது. லயோலாவும் கிறித்தவக் கல்லூரியும் முதல் அணியில் இருந்தவை. பாடத்திட்டத்தைக் கல்லூரியின் பாடக்குழு எழுதும், பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி அதில் இருப்பார். வினாத்தாள், விடைத்தாள் திருத்தம், முடிவு எல்லாம் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பொறுப்பு. பட்டம் மட்டும் தாய்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். சான்றிதழ்களைக் கையில் வைத்துப் பாருங்கள், அப்படியே தெரியும். மதிப்பெண் பட்டியலின் தலைப்பில் கல்லூரியின் பெயர், அடியில் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்து. பட்டச் சான்றிதழின் தலைப்பில் பல்கலைக்கழகத்தின் பெயரும் முத்திரையும், அடியில் துணைவேந்தரின் கையெழுத்து, கல்லூரியின் பெயர் நடுவே ஒரு வரியில். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரியில் இரண்டுமே பல்கலைக்கழகத்திலிருந்து வரும். நிகர்நிலையில் இரண்டுமே அந்த நிறுவனத்திலிருந்து வரும்.

இந்த வித்தியாசம் சும்மா காகித விவகாரம் அல்ல. வெளிநாட்டுக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ போகும்போது தன்னாட்சிக் கல்லூரி மாணவர் இரண்டு வாசல் ஏற வேண்டும். மதிப்பெண் பட்டியலின் உண்மைத்தன்மைக்கும் டிரான்ஸ்கிரிப்டுக்கும் கல்லூரி, பட்டத்துக்கும் இடப்பெயர்வுச் சான்றிதழுக்கும் (மைக்ரேஷன்) பல்கலைக்கழகம். கல்லூரி எந்த வகையானாலும் மாற்றுச் சான்றிதழைப் (டி.சி.) படித்த இடம்தான் தரும். இடப்பெயர்வுச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் ஒன்று என்று நினைத்து முதுகலைச் சேர்க்கையின் கடைசி நாளில் நிற்பவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

நடுவில் கல்லூரி மாறுவதும் தன்னாட்சியில் கடினம். பாடத்திட்டம் தனி என்பதால், மூன்றாம் பருவத்தில் வேறு கல்லூரிக்குப் போனால் அங்கே முன்பே நடந்துபோன தாள்களைத் தனியாக எழுத வேண்டிவரும். அந்த ஊரில் மூன்று வருடம் இருப்பது உறுதியில்லை என்றால் இதையும் கணக்கில் வையுங்கள்.

நெல்லைச்சாரல் எழுதியது:

பதிவேடு ஐயா சொன்னதோட, தமிழ்நாட்டுல உடனே சரிபார்க்க ஒரு வழி இருக்கு. இங்க பல்கலைக்கழகங்களைத் துறைவாரியாவும் மாவட்டவாரியாவும் பிரிச்சு வச்சிருக்காங்க. பொறியியல்னா அண்ணா, மருத்துவம்னா எம்.ஜி.ஆர்., சட்டம்னா அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், பி.எட்.னா கல்வியியல் பல்கலைக்கழகம். கலை அறிவியல் மட்டும் ஊரைப் பொறுத்தது. கோயம்புத்தூர்னா பாரதியார், சேலம்னா பெரியார், திருச்சின்னா பாரதிதாசன், மதுரைன்னா காமராசர், நெல்லைன்னா மனோன்மணியம் சுந்தரனார், காரைக்குடிப் பக்கம் அழகப்பா. மதுரையில இருக்கிற ஒரு கலைக் கல்லூரி, வேற மாநிலத்துப் பல்கலைக்கழகத்தோட இணைப்புன்னு சொன்னா அங்கயே நின்னுடுங்க. மாநிலப் பல்கலைக்கழகம் அதோட எல்லையைத் தாண்டி இணைப்புக் கொடுக்க முடியாது. தனியார் பல்கலைக்கழகமும் நிகர்நிலையும் எந்தக் கல்லூரிக்குமே இணைப்புக் கொடுக்க முடியாது. "நாங்க இன்ன தனியார் பல்கலைக்கழகத்தோட ஸ்டடி சென்டர், ரெகுலர் டிகிரி தர்றோம்"னு சொல்றது சட்டத்துல எங்கயும் இல்லாத ஒரு வகை.

இதுக்குப் பின்னால பெரிய பாடம் இருக்கு. 2002-இல் சத்தீஸ்கர் அரசு ஒரு சட்டம் போட்டு, அறிவிக்கை வெளியிட்டாலே தனியார் பல்கலைக்கழகம் தொடங்கலாம்னு ஆக்கிடுச்சு. கொஞ்ச காலத்துலயே 112 பல்கலைக்கழகம் முளைச்சுது, பலதுக்குக் கட்டடம்கூட இல்ல. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்குல 2005 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தோட அந்தப் பிரிவுகளை ரத்து பண்ணுச்சு. அங்க சேர்ந்திருந்த பிள்ளைங்களை மாநிலப் பல்கலைக்கழகங்களோட சேர்த்து ஏற்பாடு பண்ண வேண்டியதாச்சு. "பல்கலைக்கழகம்"னு பலகை இருந்தா மட்டும் போதாது, எந்தச் சட்டம், எந்த வருஷம்னு கேக்கணும்.

பிரிவு 22-ஐ மீறினா தண்டனை என்னன்னு தெரியுமா? பிரிவு 24-இன்படி அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். 1956-இல் எழுதின தொகை. போலிப் பல்கலைக்கழகம் நடத்துறவனுக்கு இந்தச் சட்டத்துல இருக்கிற பயம் அவ்வளவுதான். அதனால சரிபார்க்கிற வேலை நம்ம தலையில விழுது. யூஜிசி தளத்துல மத்திய, மாநில, தனியார், நிகர்நிலைன்னு நாலு பட்டியல் தனித்தனியா இருக்கு. போலிப் பட்டியல் வேற. போலிப் பட்டியல்ல பேர் இல்லைங்கிறதை வச்சு முடிவெடுக்காதீங்க, நாலு பட்டியல்ல ஒண்ணுல பேர் இருக்கணும். நிகர்நிலைன்னா இன்னொரு படி மேல: நீங்க சேரப்போற வளாகம் அனுமதிக்கப்பட்ட வளாகங்கள்ல இருக்கான்னும் பாருங்க. தலைமை வளாகத்துக்கு இருக்கிற அனுமதி கிளைக்குத் தானா வந்துடாது.

மேகலா_கோவை எழுதியது:

பணக் கணக்கை நான் சொல்கிறேன். அதிலும் எல்லாரும் ஏமாறுவது ஒரே இடத்தில்தான்: அரசு உதவிபெறும் கல்லூரி.

அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி என்று மூன்று வகை தெரியும். தெரியாதது, ஒரே உதவிபெறும் கல்லூரிக்குள்ளேயே இரண்டு கல்லூரி இருப்பது. காலை ஷிப்டில் பி.எஸ்சி. கணிதம் உதவிபெறும் பிரிவு: ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, கட்டணம் மிகக் குறைவு. அதே கட்டடத்தில் மதிய ஷிப்டில் பி.எஸ்சி. கணினி அறிவியல் சுயநிதிப் பிரிவு: ஆசிரியர் சம்பளம் மாணவர் கட்டணத்திலிருந்து, அதனால் கட்டணம் பல மடங்கு. பல இடங்களில் ஒரே படிப்பே இரண்டு ஷிப்டிலும் இருக்கும். வாசலில் ஒரே பெயர்ப்பலகை, பட்டத்தில் ஒரே வாசகம், எந்த ஷிப்ட் என்று சான்றிதழில் வராது. கணினி சம்பந்தப்பட்ட படிப்புகள் பெரும்பாலும் சுயநிதியில்தான் இருக்கும், உதவிபெறும் பிரிவுகள் பழைய காலத்தில் அனுமதித்தவை என்பதால். விண்ணப்பத்தில் "உதவிபெறும் / சுயநிதி" என்ற கட்டத்தை நிரப்பும் முன் இரண்டுக்கும் கட்டண விவரத்தை எழுத்தில் கேளுங்கள். இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம் போட வேண்டிய கல்லூரிகளும் உண்டு, ஒன்று போட்டால் மற்றதற்குப் பரிசீலிக்க மாட்டார்கள்.

தொழிற்கல்விக்கு வேறு கணக்கு. சுயநிதிப் பொறியியல் கல்லூரி சிறுபான்மை நிறுவனம் இல்லையென்றால் 65 விழுக்காடு, சிறுபான்மை என்றால் 50 விழுக்காடு இடங்கள் அரசு ஒதுக்கீடு. அவை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் நிரம்பும், கட்டணத்தை அரசு அமைத்த குழு நிர்ணயிக்கும், 69 விழுக்காடு இடஒதுக்கீடு பொருந்தும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடும் 2021 முதல் இதற்குள்தான், அதில் வந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டும். முதல் பட்டதாரிச் சலுகையும் கலந்தாய்வு வழியாக வந்தவர்களுக்குத்தான்.

நிகர்நிலை இந்த வட்டத்துக்கு வெளியே. சொந்தச் சேர்க்கை, சொந்தக் கட்டணம், தமிழக அரசின் கலந்தாய்வில் இடம் கொடுப்பதில்லை. நிகர்நிலை என்றாலே விலை கூடிய தனியார் இடம் என்று நினைக்கவும் வேண்டாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1958 முதல் நிகர்நிலை. காந்திகிராம கிராமிய நிறுவனம் நிகர்நிலை, மத்திய அரசின் நிதியில் ஓடுவது. அந்தச் சொல் சட்ட வடிவத்தைச் சொல்கிறது, விலையையோ தரத்தையோ சொல்வதில்லை.

வைகைக்கரையின் தங்கை அரசுப் பள்ளி என்றால், நிகர்நிலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எந்தெந்தச் சலுகை கைவிட்டுப் போகும் என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். கையேட்டில் போட்டிருக்கும் "ஸ்காலர்ஷிப்" முதல் வருடத்துக்கு மட்டுமா, ஒவ்வொரு பருவமும் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால்தான் தொடருமா என்பதும் அதே தாளில் வர வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி. ஷிப்ட் விஷயம் எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. அவ அரசுப் பள்ளிதான், ஆறாம் வகுப்புலேருந்து.

ரெண்டு சந்தேகம். பி.எஸ்சி.க்கும் பி.சி.ஏ.க்கும் அனுமதியில ஏதாவது வித்தியாசம் உண்டா? ஏ பிளஸ் பிளஸ்ங்கிறதுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்?

பதிவேடு எழுதியது:

வித்தியாசம் உண்டு, அதுவும் அண்மையில் வந்தது. பி.எஸ்சி. கணினி அறிவியலுக்குப் பல்கலைக்கழக இணைப்புப் போதும். பி.சி.ஏ., பி.பி.ஏ. இரண்டையும் 2024-25 முதல் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தன் அனுமதி வளையத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. கல்லூரி அதனிடம் அனுமதி நீட்டிப்புக் கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தில் கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், இணைப்புப் பல்கலைக்கழகம், எத்தனை இடம் எல்லாம் வரிசையாக இருக்கும். நீங்கள் சேரும் ஆண்டுக்குச் செல்லாத கடிதத்தைக் காட்டினால் ஏற்காதீர்கள். அதில் 60 இடம் என்று இருந்து, கல்லூரி அதற்குமேல் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தால், மிச்சம் உள்ளவர்களின் பெயரைப் பல்கலைக்கழகம் பதிவு செய்யும்போதுதான் பிரச்சினை தெரியும். அப்போது முதல் பருவத் தேர்வுக்குப் பணம் கட்டும் நேரம் வந்திருக்கும்.

ஒரு விதிவிலக்கு. பல்கலைக்கழகம் தன் துறையிலேயே தொழில்நுட்பப் படிப்பு நடத்தினால் ஏஐசிடிஇ-யின் முன் அனுமதி தேவையில்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடுத்த வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டி இணைப்புக் கல்லூரி தப்பிக்க முடியாது.

சட்டப் படிப்பில் இன்னும் கறார். பட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாலும் கல்லூரிக்கு இந்திய பார் கவுன்சில் ஒப்புதல் இல்லாவிட்டால் வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. தொழில் செய்ய அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். ஒப்புதல் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட படிப்புக்கு. ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி.க்கு வாங்கியது மூன்றாண்டுப் படிப்புக்குச் செல்லாது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துப் போக முடியாது.

கவுன்சில்கள் என்றால் இதே கதைதான்: மருத்துவத்துக்கு 2020 முதல் தேசிய மருத்துவ ஆணையம், மருந்தியலுக்கு ஃபார்மசி கவுன்சில், கட்டடக்கலைக்கு ஆர்க்கிடெக்சர் கவுன்சில், பி.எட்.டுக்கு என்சிடிஇ (ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு). தொழில் செய்யப் பதிவு தேவைப்படும் படிப்பு எதுவானாலும் பல்கலைக்கழகம் ஒரு கையெழுத்து, கவுன்சில் ஒரு கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் சுவரில் மாட்டத்தான் பட்டம்.

நாக் பற்றி: 4-க்கு எத்தனை புள்ளி என்பதுதான் இந்த எழுத்துத் தரத்தின் அடிப்படை. 3.51 முதல் 4 வரை ஏ பிளஸ் பிளஸ், 3.26 முதல் 3.50 ஏ பிளஸ், 3.01 முதல் 3.25 ஏ. 1.50-ம் அதற்குக் கீழும் தரச்சான்று கிடையாது. பொதுவாக ஐந்து வருடம் செல்லும். கையேட்டில் எழுத்து மட்டும் இருக்கும், எந்த வருடம் வாங்கியது, எத்தனையாவது சுற்று என்று இருக்காது. கேளுங்கள். முக்கியமாக, நாக் முழுக் கல்லூரிக்கும் சேர்த்துப் போடும் மதிப்பெண். தமிழ்த் துறையும் வேதியியல் துறையும் சம்பாதித்துக் கொடுத்த ஏ பிளஸ் பிளஸ், போன வருடம் தொடங்கிய கணினித் துறையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பொறியியல் படிப்புகளுக்கு என்பிஏ (தேசியத் தரச்சான்று வாரியம்) தரச்சான்று உண்டு, அது படிப்புவாரியானது. பொறியியல் தரச்சான்றுகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014 முதல் இந்தியா முழு உறுப்பினர் என்பதால் வெளிநாட்டிலும் மதிப்பு.

குறிஞ்சி_பொறியியல் எழுதியது:

கடைசி வரியில் ஒரு திருத்தம் தேவை, பொறியியல் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதை நம்பி முடிவெடுப்பார்கள். என்பிஏ-வில் இரண்டு அடுக்கு இருக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் முதல் அடுக்கில் விண்ணப்பிக்கலாம். தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. வாஷிங்டன் ஒப்பந்தத்தின் பலன் முதல் அடுக்குத் தரச்சான்றுக்கு மட்டும்தான். இரண்டிலும் "என்பிஏ அக்ரெடிட்டட்" என்றே கையேட்டில் போடுவார்கள். நீங்கள் படித்து முடிக்கும் ஆண்டில் அது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள், மூன்று வருடத்துக்கோ ஆறு வருடத்துக்கோ கொடுப்பார்கள்.

கூடவே, "அண்ணா பல்கலைக்கழகம்" என்ற பெயரும் மூன்று பொருளில் புழங்குகிறது. கிண்டி, ஏ.சி. டெக், கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஆகிய நான்கும் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். உறுப்புக் கல்லூரிகள் பல்கலைக்கழகமே நடத்துபவை. மற்றவை எல்லாம் இணைப்பு. இணைப்புக் கல்லூரிகளில் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாளுக்கு அகமதிப்பீடு 40, பருவத் தேர்வு 60 என்று இருந்தது. தன்னாட்சிக் கல்லூரி தன் விகிதத்தைத் தானே வைத்துக்கொள்ளும்.

பதிவேடு எழுதியது:

சரியான திருத்தம், நன்றி. முதல் அடுக்கு என்று நான் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

தாமிரபரணி எழுதியது:

அரசு வேலை பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாரும் தொடவில்லை. இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஒன்று, படிப்பின் பெயர். அறிவிக்கையில் "கணினி அறிவியலில் பட்டம்" என்று இருக்கும். தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைகளும் சந்தைக்காகப் புதுப்புதுப் பெயர் வைக்கின்றன. செயற்கை நுண்ணறிவுடன், தரவு அறிவியலுடன் என்று வால் நீளும். அந்தப் பட்டம் கேட்ட பட்டத்துக்கு இணையா இல்லையா என்பதை மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு பார்த்து, உயர்கல்வித் துறை அரசாணையாக வெளியிடும். "இணையல்ல" என்று வந்த அரசாணைகளும் நிறைய. டிஎன்பிஎஸ்சி அந்த அரசாணையைத்தான் பார்க்கும், மதிப்பெண்ணைப் பார்த்து இரக்கப்படாது. வழக்கமான பெயருள்ள படிப்பும் புதுப்பெயர்ப் படிப்பும் இரண்டுமே கிடைத்தால், அரசு வேலை எண்ணம் இருப்பவர் வழக்கமான பெயரை எடுப்பது நல்லது. பட்டப் பெயரும் யூஜிசி பிரிவு 22-இன் கீழ் அறிவித்த பெயர்ப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இரண்டு, வரிசை. பத்து, பிளஸ் டூ, மூன்றாண்டு இளங்கலை, பிறகு முதுகலை. பத்தும் பிளஸ் டூவும் இல்லாமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய பட்டம் அரசு வேலைக்கு எடுபடாது. இளங்கலை இல்லாமல் வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தமிழ்வழியில் படித்தால் அதற்கான சான்றிதழைக் கல்லூரியிலிருந்து வெளியேறும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். பல வருடம் கழித்துப் போனால் பழைய பதிவேடு தேட வேண்டிவரும்.

பாலை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் பி.சி.ஏ. படித்தால் இதே கணக்குதானா?

பதிவேடு எழுதியது:

தொலைநிலைக்கு இன்னொரு பூட்டு உண்டு. பல்கலைக்கழகம் உண்மையானதாகவே இருக்கும், ஆனால் அந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்த அந்த ஆண்டு யூஜிசி-யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு (டெப்) அனுமதித்திருக்க வேண்டும். அனுமதி படிப்புவாரியாக வரும், பருவத்துக்குப் பருவம் பட்டியல் மாறும். நீங்கள் சேரும் மாதத்தின் பட்டியலில் "பி.சி.ஏ." என்ற வரி அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். அடுத்த வருடம் பட்டியலிலிருந்து போனாலும் நீங்கள் சேர்ந்தபோது இருந்ததற்கு அதுதான் சாட்சி. 2024 முதல் மாணவரே அந்தப் பிரிவின் தளத்தில் டெப் ஐடி எடுத்துத்தான் சேர முடியும். அதை எடுக்காமலே "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பணம் வாங்கும் மையத்தை நம்பாதீர்கள். பல்கலைக்கழகம் தனியார் மையங்களுக்கு ஃபிராஞ்சைஸ் கொடுப்பதே தடை.

பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம், மருந்தியல், கட்டடக்கலை தொலைநிலையில் கிடையாது. 2001 முதல் சில நிகர்நிலை நிறுவனங்கள் தொலைநிலையில் பி.டெக். கொடுத்தன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2001-05 அணியினருக்கு ஏஐசிடிஇ நடத்தும் தேர்வை எழுதித் தேற வாய்ப்பு, அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அந்தப் பட்டத்தை வைத்துப் பதவி உயர்வு வாங்கிப் பத்து வருடம் ஆனவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள்.

மேகலா_கோவை எழுதியது:

வைகைக்கரை, நாலு கல்லூரியில் ஒன்றில் பணம் கட்டிவிட்டு இன்னொன்றுக்குக் கலந்தாய்வு அழைப்பு வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். யூஜிசி-யின் 2018 அறிவிக்கைப்படி, அறிவித்த சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கும் மேலோ முன்னால் விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும், செயல்முறைக் கட்டணமாக 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் விலகினால் 90 விழுக்காடு. கடைசி நாள் தாண்டி 15 நாள்வரை 80, 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள்வரை 50, அதற்கும் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யூஜிசி இதைவிடத் தாராளமாகத் தனி உத்தரவு போட்டதும் உண்டு, அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையைப் பாருங்கள். எல்லாமே "அறிவித்த கடைசி நாள்" என்பதைச் சுற்றியே இருப்பதால், அந்தத் தேதி போட்ட கல்லூரி அறிவிப்பைப் படம் எடுத்து வையுங்கள். விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள், கூடவே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் இருக்கிறது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். "அலுவலகத்தில் இருக்கட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றுக்கும் பத்துப் பிரதி எடுத்து, அசலை ஒரு உறையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னிக்கு மூணாவது கல்லூரிக்கு ஃபோன் பண்ணி எந்தப் பல்கலைக்கழகம்னு கேட்டாச்சு, பேர் சொன்னாங்க, எங்க மாவட்டத்துப் பல்கலைக்கழகம்தான். முதல் கல்லூரியில பி.சி.ஏ. சுயநிதி, பி.எஸ்சி. கணிதம் மட்டும் உதவிபெறும் பிரிவுல இருக்குன்னாங்க. பி.சி.ஏ.க்கு இந்த வருஷ ஏஐசிடிஇ கடிதம் கேட்டிருக்கோம், திங்கக்கிழமை நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. இடத்தோட எண்ணிக்கையைப் பாத்துட்டு வந்து இங்க எழுதறேன்.

நெல்லைச்சாரல் எழுதியது:

போறப்ப பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்ல பேரும் இனிஷியலும் ஆதார்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாத்துட்டுப் போங்க. பல்கலைக்கழகப் பதிவும், படிப்புல எடுக்கிற கிரெடிட்டைச் சேத்து வைக்கிற ஏபிசி கணக்கும் அந்தப் பேருலதான் தொடங்கும். இப்போன்னா பள்ளி வழியா திருத்திடலாம், பட்டம் அச்சாகி வந்தப்புறம் திருத்தறது பெரிய அலைச்சல்.